மலைப்பாதையில் முள் இறங்கியபோது

போன மாதம் பட்டறைப் பக்கம் வந்திருந்தபோது புதிதாகச் சேர்ந்த உங்கள் எல்லோரிடமும் ஒரு கேள்வி கேட்டேன். ஓடுகிற வண்டியில் இஞ்சின் சூட்டு விளக்கு எரிந்தால் முதலில் என்ன செய்வீர்கள்? ஒருவர் சென்சாரைப் பார்ப்பேன் என்றார். இன்னொருவர் ஸ்கேனரை மாட்டுவேன் என்றார். மூன்றாவது ஆள், பெயர் சொல்லமாட்டேன், முதலாளிக்கு போன் போடுவேன் என்றார். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்களில் பாதிப் பேர் தமிழை எழுத்துக்கூட்டிப் படிப்பவர்கள் என்று எனக்குத் தெரியும். டீ நேரத்தில் ஒருவர் சத்தமாகப் படியுங்கள், மற்றவர்கள் காதைக் கொடுங்கள். ஹிந்தியில் எழுத எனக்கு வராது. பேசத்தான் வரும், அதுவும் தாராவி ஹிந்தி.

நம் பட்டறை கேரவன், அதாவது வண்டிக்குள் வீடு, கட்ட ஆரம்பித்தது பிற்பாடுதான். முதலில் சினிமாக்காரர்கள் ஓய்வெடுக்கிற வேனிட்டி வேன்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு டிரைவர், சூடு ஏறினால் கத்துகிற பஸ்ஸரின் வயரை வெட்டிவிட்டு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏண்டா வெட்டினாய் என்றால், "மேடம் கா நீந்த் கராப் ஹோத்தா ஹை சாச்சா" என்றான், மேடத்தின் தூக்கம் கெட்டுப்போகிறதாம். மேடம் நன்றாகத் தூங்கினார். இஞ்சினும் தூங்கிவிட்டது, அப்புறம் அது எழுந்திருக்கவே இல்லை. அவனைத் திட்டுவது சுலபம். ஆனால் எச்சரிக்கை என்று ஒன்று வந்தவுடன் அது பொய்யாக இருந்துவிடாதா என்றுதான் நம் எல்லோருக்கும் முதலில் தோன்றுகிறது. வண்டி நன்றாக இருக்கிறது, விளக்குதான் கெட்டுவிட்டது என்று நம்புவதற்கு மனசு துடியாய்த் துடிக்கும்.

இத்தனை வருஷம் பிரித்து மாட்டியும் இஞ்சினைப் பற்றி எனக்கு ஒரு மலைப்பு தீரவே இல்லை. உள்ளே நெருப்பு எரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிறது. நடுவே இருப்பது விரல் தடிமன்கூட இல்லாத இரும்பு. தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு முன்னால் இருக்கும் ரேடியேட்டருக்கு ஓடி, அங்கே காற்றிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறது. சூடு எங்கேயும் தொலைந்து போவதில்லை, கை மாறுகிறது, அவ்வளவுதான். காற்று வாங்கிக்கொள்ளாவிட்டால் வேறு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். யார் வாங்கினார்கள் என்று நான் கண்ணால் பார்த்த ஒரு பயணத்தைச் சொல்கிறேன்.

செம்பூரில் ஒரு காலனியில் லலிதா மாமி என்று ஒருவர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவர் அந்தக் காலனிப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், அதனால் நான் அவரை சார் என்றே சொல்வேன். சாருக்கு உடம்பின் தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொண்டே வருகிற வியாதி. முதலில் கால், பிறகு கை. கடைசியில் மூச்சுக்கும் மிஷின் துணை தேவைப்பட்டது. முகத்தில் மாஸ்க், அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் கரண்டில் ஓடும் பெட்டி. அந்தப் பெட்டி நின்றால் சாரும் கொஞ்ச நேரம்தான்.

இந்த நிலைமையில் அவர்களுடைய ஒரே மகளுக்குப் புனேயில் கல்யாணம் நிச்சயமானது. அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் பெண் அப்பாவின் மடியில் உட்கார்ந்துதான் தாலி வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு முன் கன்னிகாதானத்தில் அம்மா பக்கத்தில் நின்று தண்ணீர் வார்க்க வேண்டும். சித்தப்பா மடியில் உட்காரட்டுமே என்று சொந்தக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். அந்தப் பெண், அப்பா மடி இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். ஆம்புலன்சில் போகலாம் என்றால் சார் ஒத்துக்கொள்ளவில்லை. "சைரன் அடிச்சுண்டு கல்யாணத்துக்குப் போறவா உண்டோ?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாராம்.

மாமி ஒரு வேனை வாங்கி நம் பட்டறைக்குக் கொண்டுவந்து விட்டார். சாருக்குச் சாய்கிற கட்டில், மூச்சு மிஷினுக்கு ஆடாத தட்டு, பேட்டரிகள், கூரையில் தனி ஏசி, தண்ணீர்த் தொட்டி, படுத்தபடியே குளிப்பாட்ட ஒரு கைஷவர் என்று அதைச் சின்ன வீடாகவே ஆக்கிக் கொடுத்தோம். இடம் போதாமல் இன்வெர்ட்டரை முன்னால், டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியில் வைத்தோம். அதனால் அந்தப் பக்கத்தில் ஹீட்டர் காற்று வருகிற துவாரம் அடைபட்டுப் போனது. மும்பையில் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள் என்று விட்டுவிட்டோம்.

வண்டியை மாமியே ஓட்டுவார். டாஷ்போர்டில் ஒரு சின்னப் பிள்ளையார் இருந்தார். பிள்ளையார் இருக்கிற இடத்தில் செருப்பா என்று மாமி எப்போதும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார்.

ஆயுத பூஜை அன்று நானும் அந்தக் காலனிக்குப் போயிருந்தேன். சார் கல்யாணத்துக்குப் போகப்போகிற வண்டி என்று தெரிந்ததும் ஒரு வீடு விடாமல் மாலை கொண்டுவந்தார்கள். தமிழர், மராட்டியர், குஜராத்தி என்று எல்லாருமே. தாதர் மார்க்கெட்டின் சாமந்தி மொத்தமும் அந்த வேனின் மூக்கில்தான் தொங்கியது. எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று, பூசணிக்காய் உடைத்தாயிற்று. பூஜை முடிந்தும் மாலைகளை யாரும் எடுக்கவில்லை. சாமிக்குப் போட்டதைப் பிய்த்து எடுக்கக்கூடாது, காய்ந்து தானாக விழட்டும் என்பது நம் ஜனங்களின் வழக்கம்தானே? அவை காய்ந்தன, விழுந்தன, முன்பக்கம் சுத்தமாகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் கிளம்பினோம். முதலாளி என்னைத் துணைக்கு அனுப்பியிருந்தார். மாமி ஸ்டியரிங்கில், நான் பக்கத்தில், சார் பின்னால் கட்டிலில். நடுவே நாங்கள் பொருத்திய தள்ளுகதவு. வாஷி பாலம் தாண்டி, பன்வேல் தாண்டி, அக்டோபர் வெயில் தார் ரோட்டில் தளதளவென்று கொதிக்க, வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சார் பின்னாலிருந்து தலைக்குப் பக்கத்தில் இருந்த பஸ்ஸரைத் தலையால் அழுத்துவார். ஒரு தடவை என்றால் எல்லாம் நலம் என்று அர்த்தம்.

மலைப்பாதை ஆரம்பித்துக் கொஞ்ச தூரத்தில் சூட்டு முள் நகர ஆரம்பித்தது. நடுவில் இருந்த முள் மெல்ல மேலே ஏறியது. அப்புறம் விளக்கு எரிந்தது.

"செல்லையா, இது என்ன?" என்றார் மாமி.

"பாத்துட்டுத்தான் இருக்கேன் மாமி. முன்னாடி ஏசியை அணைங்க. கீழ் கியர்ல போட்டு நிதானமா ஏறுங்க."

அந்த இடத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் வரிசையாக லாரிகள். ஓரம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. எழுந்து ஓட முடியாத மனுஷனைப் பின்னால் வைத்துக்கொண்டு அங்கே நிறுத்தக்கூடாது. மேலே ஏறிவிட்டால் அகலமான இடம் உண்டு, டீக்கடைகள் உண்டு. முள் இன்னும் சிவப்பைத் தொடவில்லை. தொட்டால் எந்த இடமானாலும் நிறுத்துவது, தொடும்வரை ஏறுவது என்று முடிவு செய்தேன்.

"மாமி, இன்னொரு வேலை இருக்கு. ஹீட்டரை முழுசாத் திருப்பி விடணும்."

மாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். "இந்த வெயில்லயா?"

"இஞ்சின் தண்ணி ஹீட்டர் வழியாவும் ஓடும். அதோட சூட்டைக் கொஞ்சம் உள்ள இழுத்துக்கிட்டா இஞ்சினுக்குப் பாரம் குறையும். ஆனா நமக்கு வெந்துரும்."

"அவருக்குப் படாதே?"

"தள்ளுகதவு சாத்தித்தான் இருக்கு. பின்னால தனி ஏசி. அவருக்கு ஒண்ணும் தெரியாது."

"அப்போ என்ன யோசனை?" என்று மாமியே குமிழைக் கடைசிவரை திருப்பினார். ஹீட்டர் சீறிக்கொண்டு ஊதியது. என் பக்கத்துத் துவாரம் அடைபட்டிருந்ததால் மொத்தக் காற்றும் டிரைவர் பக்கம்தான் போனது. எனக்கே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. மாமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு வளைவு, இன்னொரு வளைவு என்று ஏறிக்கொண்டே இருந்தார். முள் ஏறுவது நின்றது. இறங்கவில்லை, ஆனால் ஏறவும் இல்லை. நான் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

அப்போதுதான் அது நடந்தது. முள் விறுவிறுவென்று கீழே இறங்கியது. சிவப்புக்குப் பக்கத்திலிருந்து நடுவுக்கு வந்து, நடுவையும் தாண்டிக் கீழே போனது.

"அப்பாடா! இறங்கிடுத்து செல்லையா!" மாமியின் முகம் மலர்ந்துவிட்டது. "பிள்ளையாரப்பா! காலுக்குக்கூட இப்போதான் இதமா இருக்கு. குளுகுளுன்னு வரது காத்து."

என் மனசும் ஒரு நொடி மலர்ந்ததை ஒப்புக்கொள்கிறேன். அடுத்த நொடி அந்தக் 'குளுகுளு' என்ற வார்த்தை உறைத்தது. இஞ்சின் கொதித்துக்கொண்டிருக்கும்போது ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று எப்படி வரும்? ஹீட்டருக்குத் தண்ணீர் வரவில்லை என்றால்தான் வரும். முள் ஏன் இறங்கியது? சென்சார் முங்கியிருந்த தண்ணீர் கீழே போய்விட்டது, அது இப்போது வெறும் வெளியில் நிற்கிறது. வண்டி ஆறிவிட்டது என்று கண்ணும் சொல்கிறது, காலும் சொல்கிறது. உண்மையில் தண்ணீர் கொதித்து வெளியேறி இஞ்சின் வறட்டு இரும்பாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆபத்து முற்றிய நேரத்தில் நல்ல செய்தியின் வேஷத்தில் வந்ததே, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

"மாமி, நிறுத்துங்க. இப்பவே."

"இறங்கித்தே, பாருங்கோ."

"இறங்கல மாமி. தண்ணியே இல்ல. முள்ளு தண்ணியோட சூட்டைத்தான் சொல்லும். தண்ணியே இல்லைன்னா அது என்னத்தச் சொல்லும்?"

"பின்னாடி லாரி வரது செல்லையா. அவர் பின்னாடிதான் படுத்துண்டிருக்கார்." என்றார் மாமி.

"தெரியும் மாமி. இப்ப நிறுத்தினா நாம பாத்த எடத்துல நிக்கும். கொஞ்சம் கழிச்சு அது பாக்குற எடத்துல நிக்கும், வளைவு நடுவுல. அந்தா, பாறை உள்வாங்கி இருக்கு பாருங்க, அங்க ஒடிங்க."

மாமி இண்டிகேட்டரைப் போட்டு, பாறைக்கும் சாக்கடைக்கும் நடுவே கண்ணாடி உரசும்படி வண்டியை ஒடித்து நிறுத்தி இஞ்சினை அணைத்தார். பானெட்டுக்குள் டிக் டிக்கென்று இரும்பு முனகுவது கேட்டது.

தம்பி தங்கைகளே, இதற்குப் பின்னால் வந்ததுதான் கஷ்டமான வேலை. சும்மா இருப்பது. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும். சூடான இரும்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விட்டுவிடும். ஹைவே ரோந்துக்காரர் ஒருவர் பைக்கில் வந்து, "சாச்சா, பானி டாலோ, ஜல்தி!" என்று தண்ணீர் ஊற்றச் சொல்லித் தன் பாட்டிலையே நீட்டினார். நான் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றேன். இழுத்துப்போக டோயிங் வண்டியைக் கூப்பிடவா என்றார். மாமி மராட்டியில் ஏதோ சொல்லி அவரைப் பின்பக்க ஜன்னலுக்குக் கூட்டிப்போய்க் காட்டினார். அந்த மனுஷர் சாரைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். பிறகு வண்டிக்குப் பின்னால் தூரமாகப் போய்ச் சிவப்புக் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் கிளம்பும்வரை அவர் நகரவில்லை.

இஞ்சின் ஓடாததால் பேட்டரி ஏறாது. ஏசியை ஓடவிட்டால் மூச்சு மிஷினுக்கு வைத்திருக்கிற கரண்டைத் தின்றுவிடும். ஏசியை நிறுத்தினோம். அந்தத் தகரப் பெட்டிக்குள் கொஞ்ச நேரத்திலேயே அடுப்பங்கரைச் சூடு. மாமி நனைத்த துண்டால் சாரின் நெற்றியையும் மார்பையும் ஒற்றிக்கொண்டே இருந்தார். "ஏன்னா, முடியறதா?" என்று கேட்டார். சார் மிஷினின் மூச்சுக்கு நடுவே நடுவே நிறுத்திப் பேசினார்.

"செல்லையாட்ட சொல்லு... நிதானமாப் பாக்கட்டும். மிஷின்ல ஓடறவாளுக்கு... அவசரம் ஆகாது. எனக்குத் தெரியாதா?"

நான் கதவருகில் நின்று அதைக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. அவருடைய மூச்சே அந்தப் பேட்டரியில் ஓடுகிறது. எனக்குத் தைரியம் சொல்கிறவர் அவர்!

பானெட் கை வைக்கிற சூட்டுக்கு வந்ததும் முன்பக்கம் போய்ப் பார்த்தேன். முன்னால் ஏசியின் ஜாலி, அதாவது வலைத்தகடு, அதற்குப் பின்னால் ரேடியேட்டரின் ஜாலி, இரண்டுக்கும் நடுவே விரல் நுழையாத சந்து. வெளியிலிருந்து பார்த்தால் படு சுத்தம். சந்துக்குள் டார்ச் அடித்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மஞ்சளும் பழுப்புமாக, கம்பளம் மாதிரி சாமந்தி இதழ்கள். மாலைகள் காய்ந்து உதிர உதிர ஃபேன் அவற்றை உள்ளே இழுத்து அப்பியிருக்கிறது. ஊருக்குள் மெல்ல ஓடியவரை அது தெரியவில்லை. மலை ஏறியதும் ரேடியேட்டருக்குக் காற்றே கிடைக்கவில்லை.

சந்துக்குள் விடக் கையில் எதுவும் இல்லை. மாமி உள்ளே போய், மகளின் கூறைப்புடவை தொங்கிக்கொண்டிருந்த கம்பி ஹேங்கரை எடுத்துவந்து நீட்டினார். அதை நிமிர்த்தி நுனியை வளைத்து இதழ்களை வாரி வாரி இழுத்தேன். குவியல் குவியலாக வந்தது. மாமி குனிந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம பூஜை மாலையா?"

"ஆமா மாமி."

மாமி அந்த நடுரோட்டில், லாரிப் புகைக்கு நடுவே, வாய்விட்டுச் சிரித்தார். "காலனியே சேர்ந்து ஆசீர்வாதம் பண்ணித்து. கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிடுத்து, அவ்வளவுதான்." சாமிப் பூவில் கால் படக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு பையில் அள்ளிப் போட்டு வண்டியிலேயே வைத்துக்கொண்டார்.

ஹோஸ் எதுவும் வெடிக்கவில்லை. மூடி வழியாகத்தான் கொதித்து வெளியேறியிருக்கிறது. சாரைக் குளிப்பாட்டுகிற தொட்டித் தண்ணீரைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். இஞ்சினைக் கிளப்பினோம். சத்தம் சீராக இருந்தது.

"ஹீட்டரைப் போடுங்க மாமி. காத்து எப்படி வருது?"

மாமி காலை அங்கே நீட்டி வைத்துப் பார்த்தார். "சுடறது."

"அப்ப தண்ணி ஓடுது. கிளம்பலாம்."

பின்னாலிருந்து பஸ்ஸர் ஒரு தடவை அடித்தது. ஹீட்டரை அணைத்துவிட்டு மலை ஏறினோம். புனே போய்ச் சேரும்வரை முள் நடுவை விட்டு நகரவில்லை. வறட்டு இஞ்சினை இன்னும் சற்று ஓட்டியிருந்தால் அது அங்கேயே இறுகிப்போயிருக்கும்.

மறுநாள் முகூர்த்தத்தில் சாரைச் சக்கர நாற்காலியில் மேடைக்குக் கொண்டுபோனார்கள். மூச்சு மிஷினை நான் பக்கத்தில் தூக்கிக்கொண்டு நின்றேன். அந்தப் பெண் வந்து அப்பாவின் மடியில் உட்கார்ந்தாள். பாரம் முழுவதையும் அவர் மேல் போடாமல் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி இருந்தாள். சாரின் கையை மகளின் கையோடு சேர்த்து உறவினர் ஒருவர் தாங்கிக்கொள்ள, மடிசார் கட்டிய மாமி பக்கத்தில் நின்று செம்பிலிருந்து தண்ணீர் வார்த்தார். தண்ணீர் கைகளின் மேல் விழுந்து வழிந்தது. மாஸ்க்குக்கு மேலே சாரின் கண்களைப் பார்த்தேன். என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் பெரிய காட்சி அதுதான். தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று தற்செயலாகக் குனிந்தேன்.

மாமியின் பாதங்கள் தெரிந்தன. வலது காலின் மேல்புறம் செக்கச் சிவந்து, விரல்களுக்கு மேலே கொப்புளம் கட்டியிருந்தது. இடது காலும் கணுக்கால்வரை கன்றிப் போயிருந்தது. அந்த வளைவுகள் எல்லாவற்றிலும் வெறுங்காலை அந்த அனல் வாயில் வைத்து ஓட்டியிருக்கிறார். நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை நேரத்தில் காலைப் பற்றி அவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை, இதமாக இருக்கிறது என்று. அந்த ஒரு வார்த்தைதான் எங்கள் எல்லோரையும் காப்பாற்றியது.

சாப்பாட்டுப் பந்தி நடக்கும்போது மாமியைத் தனியாகப் பிடித்தேன். என்னால் தாங்க முடியவில்லை.

"ஏன் மாமி, கால் இப்படி வெந்திருக்கு. சுடுதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

மாமி புடவைக் கொசுவத்தை இழுத்துப் பாதங்களை மூடிக்கொண்டார்.

"சொல்லியிருந்தா நீங்க ஹீட்டரை அணைச்சிருப்பேளே" என்றார்.